கம்பஸடியில் ஒரு வளவு

தீவுப்பகுதியில் பிறந்த ஒருவர் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ காணி வாங்கினால் ஏன் வாங்கினார் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. ஆனால் பிள்ளைகள் படித்து முடித்து, ஒன்று ரொறன்ரோவிலும் மற்றது லண்டனிலும் குடியேறிய பிறகும் அந்தக் காணியிலேயே இருப்பவரிடம் சனம் கேட்கத்தான் செய்யும். என்னிடம் கேட்டவர் வேலணையில் இருக்கும் என் மனைவியின் தங்கை. “இனி ஆரின்ர படிப்புக்கு அத்தான் அங்க இருக்கிறியள்? கரம்பொன்னில வீடு சும்மா கிடக்குது.”

நல்ல தண்ணிக் கிணறு, கிட்டத்தில் ஆஸ்பத்திரி என்று அப்போது ஏதோ சொல்லி வைத்தேன். பொய்யில்லை. தீவில் கோடை வந்தால் கிணறு உவர்க்கும். தண்ணீர்ப் பவுசரைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் இந்த வசதிகள் வலிகாமத்தில் வேறு எத்தனையோ ஊர்களிலும் உண்டு. பல்கலைக்கழக மதிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருப்பேன் என்று ஒருவன் அடம்பிடிப்பதற்கு அவை போதா.

எங்கள் ஊரான கரம்பொன்னிலிருந்து பார்த்தால், படித்த ஊர் என்று நாம் முதலில் போயிருக்க வேண்டியது வட்டுக்கோட்டைக்கு. ஊர்காவற்றுறையிலிருந்து பாதைப் படகில் ஏறிக் காரைநகருக்குப் போய், பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் அந்தப் பக்கம்தான். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், போர்த்துக்கேயர் காலத்துப் பழைய கோயில் இருந்தபடியால் அங்கே குடியமர்ந்தார்கள். 1823இல் டானியல் பூவர் தலைமையில் செமினரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். 1855இல் அதை மூடினார்கள். 1872இல் அதன் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. இன்னும் நூறு வருடம் கழித்து, 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது விஞ்ஞானப் பகுதியை முதலில் வட்டுக்கோட்டையில்தான் நடத்தினார்கள். கலைப்பகுதி திருநெல்வேலியில், 1921இல் சேர் பொன். இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் இயங்கியது. சில வருடங்களில் விஞ்ஞானமும் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது தடவையாகக் கிடைத்த வாய்ப்பை வட்டுக்கோட்டை அப்படி இழந்தது. இன்றைக்கு அங்கே பழம்பெருமையும் நல்ல பள்ளிக்கூடமும் இருக்கின்றன. வெளியூர்ப் பெடியள் றூம் தேடி அலையும் ஒழுங்கைகள் இல்லை.

ஓர் ஊர் கல்விக்குரிய ஊராவதற்கு மண்ணிலோ தண்ணீரிலோ விசேடம் எதுவும் வேண்டியதில்லை என்று இதிலிருந்து எனக்குத் தோன்றும். எங்கே ஒரு கட்டடம் கிடைத்ததோ அங்கே போனார்கள். ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் துறைமுகப் பட்டினம். அங்கும் கட்டடங்கள் இருந்தன.

கம்பஸடியில் இருந்தால் அறிவுச்சூழல் கிடைக்கும் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதலான பேச்சு. எங்கள் மேல்வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கும் பெடியள் இரவிரவாகக் கதைப்பதில் முக்கால்வாசி கிரிக்கெட்டும் யார் யாரோடு கதைத்தார்கள் என்பதும்தான். கைலாசபதி கலையரங்கில் எப்போதாவது ஒரு நினைவுப் பேருரை நடக்கும். பின்வரிசையில் போய் இருப்பேன். நல்லதாயிருந்தால் முழுக்கக் கேட்பேன், இல்லையென்றால் தேத்தண்ணிக்கு முன்னரே எழும்பி வந்துவிடுவேன்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. என் வயதுக்காரர் ஒருவரையொருவர் பெரும்பாலும் செத்தவீட்டில்தான் சந்திக்கிறோம். தீவுக்குப் போனால் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து மூப்படைந்தவர்கள். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வந்து இறங்கும்போது பத்து நாள் ஊர் நிமிரும், பிறகு பூட்டிய படலைகள்தான். திருநெல்வேலியில் அப்படியில்லை. ஒழுங்கையில் எதிரே வருபவருக்கு எந்த வருடமும் இருபத்திரண்டு வயதுதான். இன்றைக்கு முல்லைத்தீவிலிருந்து வந்த பிள்ளை, நாலு வருடத்தில் மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வேறொரு பிள்ளை. நான் கிழவனாகி வருவது என் ஒழுங்கைக்குத் தெரியவே தெரியாது. தீவும் கம்பஸடியும் பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிடும் இடங்கள்தான். கம்பஸடிக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள், தீவுக்கு வருவதில்லை. வழியனுப்பிப் பழகிய தீவாருக்கு இந்த இடம் ஒத்துப்போவதில் வியப்பில்லை என்று நினைக்கிறேன்.

அமைதியைத் தேடி ஒருவர் இங்கே வருவதானால் வரவேண்டாம் என்பேன். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் ஹெலிகொப்ரர்களில் வந்து இறங்கியது இந்த வளாகத்து மைதானத்தில்தான். சுற்றியிருந்த வீடுகளில் சனம் செத்தது. 1989 செப்ரெம்பர் 21இல் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தீவுகளுக்குள் இராணுவம் வந்ததும் 1990இல் நாங்கள் கடல்தாண்டி இந்தப் பக்கம் ஓடிவந்தோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் இந்தப் பக்கமும் வெறுமையானது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. 2021 ஜனவரியில் வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவில் இடித்தபோதும் மாணவர்கள் வாசலில் கூடினார்கள். சில மாதங்களில் அது திரும்ப எழும்பியது. படித்தவர்கள் கூடியிருக்கும் இடம் அதிகாரத்தின் கண்ணில் முதலில் படும். இந்த வாடகையும் சேர்த்துத்தான் இங்கே குடியிருக்க வேண்டும்.

இப்போது ஒழுங்கையில் சிங்களமும் கேட்கிறது. தெற்கிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எங்கள் தீவுகளில் தெரிந்தது ஒன்றே ஒன்று, நயினாதீவு. அவர்கள் நாகதீப என்பார்கள். குருநாகலிலிருந்து வந்த ஒரு பெடியனின் தாய் தகப்பன் விகாரைக்குப் போக வந்தபோது, குறிகட்டுவானுக்கு எந்த பஸ், லோஞ்ச் எத்தனை மணிக்கு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதே தீவில் நாகபூஷணி அம்மனையும் கும்பிட்டு வரச் சொன்னேன். போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். 2016இல் தமிழ், சிங்கள மாணவர்களிடையே வளாகத்துக்குள் நடந்த அடிபிடியை நான் மறக்கவில்லை. ஆனாலும் என் படலைக்கு வெளியே நான் கண்டது இதைத்தான்.

மச்சாளின் கேள்வியில் ஒரு குத்து இருக்கிறது, அதைத் தட்டிவிட முடியாது. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்காகத் தனித்தனியாக எடுத்த முடிவு சரிதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தீவுப் பள்ளிக்கூடங்களின் வாங்குகள் வெறுமை. காலையில் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள் நிறைந்திருப்பார்கள். பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் கடலிலும் போகவேண்டும். காற்றுக் காலத்தில் லோஞ்ச் ஓடாவிட்டால் பாடமும் இல்லை.

முன்பு தீவு தன் பிள்ளைகளைத் தானே தொடக்கிவைத்தது. 1913இல் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில்தான் முதலில் படித்தார். 1966இல் கோலாலம்பூரில் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவருக்குக் கல்வி கடல் சூழ்ந்த இடத்தில் தொடங்கியது. அவர் திரும்பி வந்து ஊரிலேயே இருந்துவிடவில்லை என்பதும் உண்மை. இருந்து பார்த்தவர் புங்குடுதீவு மு. தளையசிங்கம். பேராதனையில் பட்டம் பெற்ற எழுத்தாளர், ஆசிரியர். தன் தீவிலேயே சர்வோதய வேலை செய்தார். நல்ல தண்ணீர்க் கிணற்றில் சாதி பார்த்ததை எதிர்த்து நின்று பொலிஸின் அடி வாங்கினார். 1973இல் நாற்பதைத் தொடாமலே இறந்தார். அவரைப் படிக்கும்போதெல்லாம் ஊரில் இருப்பது என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தோன்றும். உடனேயே, எனக்கு அந்தத் துணிவும் இல்லை, வயதும் இல்லை என்று தோன்றும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துகொண்டு கரம்பொன்னில் போய் இருப்பதால் மட்டும் தீவுக்கு நான் ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. வாங்கில் இருக்க ஒரு பிள்ளை கூடாது, கிழவன் ஒருவன் கூடுவான்.

மேல்வீட்டில் இப்போது இருப்பவர்களில் ஒருவன் நெடுந்தீவான். கணிதம் படிக்கிறான். தீவில் கணிதத்துக்கு வாத்தியார் இல்லாமல் உயர்தரத்துக்கு யாழ்ப்பாணம் வந்து, சொந்தக்காரர் வீட்டில் நின்று படித்தவன். போன கிழமை கிணற்றடியில் கேட்டேன், படிப்பு முடிய நெடுந்தீவுக்கே படிப்பிக்கப் போவியா என்று.

“போவன் அங்கிள், கட்டாயம் போவன். எங்கட பிள்ளையளுக்கு வேற ஆர் வரப்போயினம்?” என்றான். வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். “ஆனா வீடு இங்கதான் கட்டுவன். இந்தப் பக்கம் ஒரு பரப்பு இப்ப என்ன விலை போகுது?”