கோவிந்தா என்னும் பெயரும் பல் செட்டும்

பற்கள் முழுவதும் விழுந்தபின் அணியும் பல் செட்டு உடலைச் சேர்ந்ததா, உடலுக்குப் புறம்பான கருவியா? செயற்கைப் பல்லோடு பாராயணம் செய்வது முறைதானா என்ற தயக்கம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. மார்கழி விடியலில் திருப்பாவையின் 30 பாசுரங்களும் ஒலிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் முதியவர்களுக்கு இது அன்றாட வழிபாட்டைத் தொடும் கேள்வி.

எழுத்துகள் பிறக்கும் இடங்களுள் பல்லையும் ஒன்றாகச் சொல்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். நாநுனி மேற்பல்லின் அடியில் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழுதடும் சேர வகரம் பிறக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் எழும் 'கோவிந்தா' என்னும் ஒரே பெயரில் இம்மூன்றும் உள்ளன. பல் இல்லாத வாயில் இவை குழைந்துபோகும். புதிய செட்டு பொருத்திய முதல் நாட்களிலும் குழறல் இருக்கும். உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும். கீழ்ச் செட்டை நாக்கு தள்ளும். குழைந்த சோற்றில் தொடங்கி, இரு புறமும் சமமாக மென்று, வாய்விட்டு நிதானமாகப் படித்துவந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். உடல் எது என்பதற்கு வைணவ ஆசாரியர் இராமானுஜர் தம் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் வரையறை தருகிறார். ஓர் ஆன்மாவால் முழுமையாக இயக்கப்படுவது, தாங்கப்படுவது, அதற்கென்றே இருப்பது எதுவோ அதுவே அந்த ஆன்மாவின் உடல். இந்த அளவுகோலில் பல் செட்டு அணிந்தவரின் உடல் ஆகாது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டபின் அது அவருடைய ஆன்மாவால் தாங்கப்படாமல் தனியே கிடக்கிறது. ஆகவே அது கருவியே.

கருவி என்பதால் வழிபாட்டுக்குக் குறை வருவதில்லை. நாதஸ்வரத்தின் சீவாளியும் வித்துவானின் உடல் அன்று. அவர் வாயின் ஈரத்தில் பதப்பட்டே அது பேசுகிறது, இசை அவருடையதாகவே கொள்ளப்படுகிறது. மேலும், உயிரும் சடப்பொருளும் ஆகிய அனைத்தும் இறைவனின் உடல் என்பது இராமானுஜரின் கொள்கை. அப்படியானால் முளைத்த பல்லும் செய்த பல்லும் அவனுடைய உடைமைகளே. முளைத்தது தூயது, செய்தது தாழ்ந்தது என்று பிரிக்க இங்கே இடமில்லை.

ஆகவே பல் செட்டு அணிந்தவர் பாராயணத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. வகரமும் நகரமும் தகரமும் தெளியும்வரை 'கோவிந்தா' என்னும் பெயரையே உரக்கச் சொல்லிப் பழகலாம். பயிற்சியும் அதுவே, வழிபாடும் அதுவே.