வீட்டில் விட்டு வந்த கம்பளி

பாலக்காடும் இடுக்கியும் கேரளத்தின் மாவட்டங்கள். ஆனால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பது தமிழகத்தை. பாலக்காட்டிலிருந்து இடுக்கியின் வடக்கு விளிம்பை அடைய விரும்பும் ஒருவர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ் மண்ணைக் கடந்து, சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளத்திற்குள் நுழையலாம். ஒரு பகலில் முடிந்துவிடும் பயணம்தான். ஆனால் அந்த ஒரு பகலுக்குள் உடல் பல பருவங்களைச் சந்தித்துவிடுகிறது.

மேற்குத்தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம் கொண்டது. மார்கழி, தை மாதங்களில் அதன் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். உதடு வெடிக்கும், கண்ணில் புழுதி விழும். சின்னாறு, மலைகள் மழையை மறைத்துக்கொள்ளும் பகுதி. தென்மேற்குப் பருவமழை மறுபக்கச் சரிவுகளிலேயே பெய்து தீர்ந்துவிடுவதால் இங்கே முட்செடிகளும் கள்ளிகளும்தான் மிகுதி. அதற்கு மேலே மறையூர். சந்தனக் காடுகளும் கரும்பு வயல்களும், வெல்லம் காய்ச்சும் வாசனையும், மிதமான காற்றும். அங்கிருந்து சாலை 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் அருகாகச் சென்று, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறை அடைகிறது. தை மாத இரவுகளில் அங்கே உயரமான தோட்டங்களில் புல்லின் மீது உறைபனி படிவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் இந்தப் பாதையில் சென்றேன். தோளில் ஒரே ஒரு துணிப்பை. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு சிறு நூல். மூன்று கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். உடன் வந்தவர்கள் பெட்டிகளை இறக்கவும் ஏற்றவும் திண்டாடியபோது நான் கைவீசி நடந்தேன். "உங்களைப் போல் இருக்க வேண்டும், ஐயா" என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இனித்தது என்பதை மறைப்பானேன்? துறவிகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்துப் படித்து, பையின் கனம் குறைந்தால் பற்றும் குறைந்துவிட்டது என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

அன்றிரவு மூணாறுக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதியரின் லயன் வீட்டில் தங்கினேன். இரண்டே சிறு அறைகள். இருட்டியதும் குளிர் எலும்பைத் தொட்டது. "அப்பா, என்ன குளிர்!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சற்று நேரத்தில் அந்த அம்மையார் கனமான கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து என் பாயருகே வைத்தார். போர்த்திக்கொண்டு நன்றாக உறங்கினேன்.

விடியுமுன் எழுந்து தண்ணீருக்காகச் சமையலறைப் பக்கம் போனேன். அடுப்பில் விறகு கனன்றுகொண்டிருந்தது. அதன் இருபுறமும் கணவரும் மனைவியும் சுவரில் சாய்ந்தபடி அமர்ந்திருந்தார்கள். இரவு முழுவதும் அப்படியே இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்தவை இரண்டு கம்பளிகள். ஒன்றில் அவர்களுடைய பேரக்குழந்தை சுருண்டிருந்தது. மற்றொன்று என் தோளில் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எங்களுக்குப் பழக்கம்தானே, ஐயா" என்றார் அம்மையார். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர்கள் இருவரும் கொழுந்து பறிக்க மலைச்சரிவில் நிற்க வேண்டும்.

பழக்கம் என்று அவர் சொன்னார். ஆனால் குளிர் யாருக்கும் அவ்வளவு எளிதில் பழகிவிடுவதில்லை. அதனால்தான் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளர்களைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை நிர்வாகமே வழங்க வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. சட்டப் புத்தகத்தில் ஏறும் அளவுக்கு அந்த மலையில் கம்பளி அடிப்படைத் தேவை. அதைத்தான் நான் ஓர் இரவுக்கு எடுத்துக்கொண்டேன், பற்றற்றவன் என்ற பெயரோடு.

பதஞ்சலி முனிவர் யமங்களில் ஒன்றாகக் கூறும் அபரிக்ரஹத்தை வியாச பாஷ்யம் விளக்கும்போது, பொருள்களில் ஐந்து குறைகளைக் கண்டு அவற்றை ஏற்காமல் விடுவது என்கிறது. ஈட்டுவதில் உள்ள துன்பம், காப்பதில் உள்ள துன்பம், அழிவு, பற்று, பிற உயிர்க்குத் தீங்கு ஆகியவையே அந்த ஐந்து. பெட்டியைச் சங்கிலியால் இருக்கையோடு பிணைத்துவிட்டு ரயிலில் உறங்க முயல்பவரைக் கேட்டால், இரண்டாவது குறையைப் பாஷ்யக்காரரைவிடத் தெளிவாக விளக்குவார். முதல் நான்கையும் என் சிறு பை தவிர்த்துவிட்டது, அதில் ஐயமில்லை. ஐந்தாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பொருளை வைத்திருப்பதால் மட்டுமே பிறருக்குத் தீங்கு விளையும் என்று எண்ணியிருந்தேன். வைத்துக்கொள்ளாமல் போவதாலும் அது விளையும் என்பதை அந்த அடுப்படியில்தான் கண்டேன்.

சுவாமி விவேகானந்தர் 'ராஜயோகம்' நூலில் அபரிக்ரஹத்தைப் பிறரிடமிருந்து கொடைகளைப் பெறாதிருத்தல் என்றே பொருள் கொள்கிறார். பெறுபவனின் மனம் தன் சுதந்திரத்தை இழக்கிறது என்பது அவர் கருத்து. இந்தப் பொருளில் பார்த்தால் என் கணக்கு முற்றிலும் தலைகீழாகிறது. வீட்டிலிருந்து கம்பளியைச் சுமந்து வந்திருந்தால் நான் அபரிக்ரஹத்தைக் காத்திருப்பேன். சுமக்காமல் வந்ததால் மீறினேன்.

ஆனால் துறவிகள் பிச்சை ஏற்றுத்தானே வாழ்கிறார்கள், அவர்கள் பெறவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவாமிஜியின் வாழ்க்கையிலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1892-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மைசூரிலிருந்து புறப்பட்டபோது, திவான் சேஷாத்ரி ஐயர் நோட்டுக் கற்றை ஒன்றை அவரது பைக்குள் திணிக்க முயன்றார். சுவாமிஜி மறுத்துவிட்டார். வேண்டுமானால் கொச்சிக்கு ஒரு டிக்கெட் வாங்கித் தரலாம் என்றார். அந்நாளில் ரயில் பாதை இதே பாலக்காட்டுக் கணவாயின் வழியாகத்தான் மேற்குக் கரைக்குச் சென்றது. ஷொர்ணூரில் இறங்கி மாட்டு வண்டியில் திருச்சூர் போனார்.

கனத்தை மட்டும் பார்த்தால் நோட்டுக் கற்றைக்கும் டிக்கெட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. இன்று, 'கையில் பணம் இருந்தால் போதும், எதையும் எங்கும் வாங்கிக்கொள்ளலாம்' என்று வெறுங்கையோடு கிளம்புபவர்கள் அந்த நோட்டுக் கற்றையைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். அட்டை வடிவில் அது இன்னும் மெல்லியதாகிவிட்டது. ஆனால் டிக்கெட் பயணம் முடியும் இடத்தில் முடிந்துவிடும். கற்றை முடிவதில்லை, நாளைக்கும் மறுநாளைக்கும் காவல் கேட்கும். துறவி அந்தந்த நேரத்துத் தேவையை மட்டும், அதுவும் கொடுக்க வல்லவரிடமிருந்து ஏற்றார். அவருக்கு நாளை என்ற அலமாரியே இல்லை. எனக்கு இருந்தது. என்னுடைய கம்பளி அந்த இரவு சமவெளியில், என் வீட்டு அலமாரியில், நாப்தலீன் உருண்டைகளுடன் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் துறக்கவில்லை. தூக்கிவரச் சோம்பினேன், அவ்வளவுதான்.

அதே சுவாமிஜி அடுத்த ஆண்டு, 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். தண்டமும் கமண்டலமும் தவிர வேறறியாத அவருக்கு இப்போது பெட்டிகள் சேர்ந்திருந்தன. பொருள்களை வைத்துப் பாதுகாக்கும் இந்தப் புதிய வாழ்வு தம் சக்தியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஜூலையில் யோகோஹாமாவிலிருந்து எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். ஆனால் அத்தனை பெட்டிகளிலும் தேவையானது இல்லை. வட பசிபிக் கடலில் போதிய கம்பளி உடைகளின்றிக் குளிரில் மிகவும் துன்புற்றதாக ஆகஸ்டு 20 அன்று அளசிங்கருக்கு எழுதினார். குளிர்காலம் நெருங்குகிறது, வெம்மையான உடைகள் வாங்கியாக வேண்டும் என்றும் கூச்சமின்றி எழுதினார். சென்னை அன்பர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு வான்கூவரின் குளிரை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. பாலக்காட்டு வெயிலில் நின்று மூணாற்று இரவை எண்ணிப் பார்க்க எனக்கே முடியவில்லையே!

அப்படியானால் எவ்வளவு போதும்? வினய பிடகத்தின் மகாவக்கத்தில் இதற்கு ஓர் அழகிய நிகழ்ச்சி உள்ளது. ராஜகிருஹத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணி மூட்டைகளைச் சுமந்து வரும் பிக்குகளைப் புத்தர் கண்டார். உடனே 'குறையுங்கள்' என்று கட்டளையிடவில்லை. பனி விழும் கடுங்குளிர் இரவொன்றில், வைசாலியின் கோதமக சைத்தியத்தில், ஒரே ஆடையுடன் திறந்த வெளியில் அமர்ந்தார். முதல் யாமம் கழிந்தபோது குளிர்ந்தது, இரண்டாவதை அணிந்தார். நடு யாமம் கழிந்தபோது மூன்றாவது. விடியும் வேளையில் நான்காவது. அதன் பிறகே இரட்டை மடிப்புள்ள மேலாடை ஒன்று, ஒற்றை ஆடைகள் இரண்டு என மூன்று சீவரங்களை அளவாக வகுத்தார். குளிர் தாங்காத உடல்வாகு கொண்டவரையும் மனத்தில் வைத்தே அந்த அளவு சொல்லப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் என்னைத் தொடுவது மூன்று என்ற எண் அல்ல, அந்த இரவு. பிறர் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்வதற்கு முன் தம் உடலையே அங்கே அமர்த்தினார். நானோ என் அளவைச் சமவெளியின் வெயிலில், கண்ணாடி முன் நின்று முடிவு செய்திருந்தேன்.

தாங்குவது பற்றிப் பேசும்போது திதிட்சையையும் சொல்ல வேண்டும். சங்கரர் பெயரில் வழங்கும் 'விவேகசூடாமணி' அதற்கு இலக்கணம் கூறும்போது, மாற்றுத் தேடாமல், கவலையும் புலம்பலும் இல்லாமல் துன்பங்களைப் பொறுத்தல் என்கிறது. குறைவாக எடுத்துச் செல்பவன் இந்த விலையைத் தானே கொடுக்க வேண்டும். நடுங்கினாலும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தத் தம்பதியர் உறங்கியிருப்பார்கள். 'என்ன குளிர்' என்ற இரண்டு சொற்கள்தான் அவர்களுடைய கம்பளியைப் பறித்தன. விருந்தினர் அதைச் சொன்ன பிறகு அவர்களால் வேறென்ன செய்ய முடியும்?

கார்த்திகை தொடங்கித் தை வரை வாளையாறு, குமுளி ஆகிய எல்லைகள் வழியே சபரிமலைக்குச் செல்லும் அன்பர்கள் நாடெங்கிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் தலையில் இருக்கும் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் இறைவனுக்கு உரியவை. பின்முடியில் வழிப்பயணத்திற்குத் தனக்கு வேண்டியவை. தனக்கென ஒரு முடிச்சு வைத்துக்கொள்வதை அந்த மரபு குறைவாக எண்ணவில்லை. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. அதைச் சுமக்க வேண்டியது தன் தலைதான்.

அன்று மூணாறு கடைத்தெருவில் ஒரு கம்பளி வாங்கி அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் மறுத்தார்கள், குழந்தைக்கு என்றதும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் இழந்த உறக்கத்தை அது திருப்பித் தரவில்லை. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கி, போடிநாயக்கனூரின் வெக்கை முகத்தில் அடித்தபோது, சுற்றியிருந்தவர்கள் சால்வைகளைக் கழற்றி மடித்தார்கள். எனக்குக் கழற்ற எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு மீண்டும் அதே வழியில் செல்ல நேர்ந்தது. பாலக்காட்டில் பேருந்து ஏறியபோது மடியில் இருந்த கம்பளி மட்டுமே ஒன்றரைக் கிலோ இருக்கும். பைக்குள் அது அடங்கவில்லை. நண்பகல் வெயில், கைபட்ட இடமெல்லாம் வியர்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த வெயிலில் எதற்கு ஐயா இது?"

"இரவு மூணாறில் தங்குகிறேன்" என்றேன்.

அவர் தம் பையை நகர்த்தி, அதற்கும் சேர்த்து இடம் கொடுத்தார்.