கரையேறத் தெரிந்தவரே நீந்தத் தெரிந்தவர்

குளிர்நீர் நீச்சல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். நாட்களும் குறைந்துவிட்டன. லண்டனின் திறந்தவெளி நீச்சல்குளம் ஒன்றிலோ, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரியிலோ, எஸ்தோனியாவின் டாலினிலோ, ஒரு காலையில் வெறும் நீச்சலுடையும் தொப்பியும் கண்ணாடியுமாக நீர்ப்படியில் நிற்கப்போகிறீர்கள். உங்கள் துணிவை மதிக்கிறேன். நானும் அந்தப் படியில் நின்றவன். அதனால்தான், உங்கள் கை சூடாகவும் புத்தி தெளிவாகவும் இருக்கும் இப்போதே இதைச் சொல்லிவிடத் தவிக்கிறேன்: எப்போது வெளியே வருவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். நீருக்குள் போனபின் அந்த முடிவை எடுக்கும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

குளிர்ந்த நீர் என்றதும் நம்மவர்களுக்கு மார்கழி விடியலில் குளத்துப் படி இறங்கியது நினைவுக்கு வரும். நம் சமவெளியில் அந்த நீர் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. சிறுவனாக இருந்தபோதே 1994-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனை எண்ணிப் பெருமைப்படுகிறோம். அந்தக் கால்வாயையும் நீர் 15 முதல் 18 டிகிரி வரை இருக்கும் கோடைப் பருவத்தில்தான் நீந்துகிறார்கள். நீங்கள் இறங்கப்போகும் நீரோ 5 டிகிரிக்கும் கீழே இருக்கலாம். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக அது உடற்சூட்டை வாங்கிக்கொள்ளும். ஊரில் நீங்கள் எத்தனை கிணறு தாண்டியவர், எத்தனை பதக்கம் வாங்கியவர் என்பதெல்லாம் அந்த நீருக்குத் தெரியாது.

அது உடம்பில் என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள். தோல் சட்டென்று குளிர்ந்த கணத்தில் நெஞ்சு தானாகவே ஒரு பெருமூச்சை இழுக்கும். உங்களைக் கேட்டு இழுக்காது. அப்போது வாய் நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் நீர் உள்ளே போகும். அதற்குப் பின் மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் எகிறும். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் குளிர் அதிர்ச்சி இதுதான். அவரும் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012-இல் இன்னொன்றையும் விளக்கினார்கள். உடம்பு குளிரும்போது இதயத்துக்கு ‘ஓடு’ என்று ஒரு கட்டளை போகிறது. முகம் நனைந்து மூச்சு அடங்கும்போது ‘மெல்ல’ என்று இன்னொரு கட்டளை போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இதயம் தாளம் தப்பலாம்.

ஆகவே குதிக்காதீர்கள். தலைகீழாகப் பாயாதீர்கள். படிப்படியாக இறங்கி, கையிலும் கழுத்திலும் முகத்திலும் நீரைத் தொட்டு வைத்து, மூச்சு உங்கள் சொல்லுக்குக் கட்டுப்படும்வரை காத்திருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த அதிர்ச்சி தணிந்துவிடும்.

அந்த அதிர்ச்சியைக் குறைக்கும் வழியும் உண்டு. மூன்று நிமிடம் மூன்று நிமிடமாக ஐந்தாறு முறை குளிர்நீரில் இருந்து பழகினாலே அது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆகவே பந்தயத்தன்று காலையில் முதன்முறையாக இறங்குவது வீரம் ஆகாது. கோடை முடிந்து நீர் குளிரத் தொடங்கும்போதே, கரையில் ஒருவர் காவலிருக்க, வாரந்தோறும் இறங்கிப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லையென்றால் இந்த ஆண்டு கரையில் நின்று மற்றவர்களுக்குத் துண்டு பிடியுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். பழக்கம் அந்த முதல் அதிர்ச்சியைத்தான் தணிக்கும். சூடு வெளியேறுவதை அது தடுத்து நிறுத்தாது.

அடுத்து கைகால். சில நிமிடங்களில் விரல்கள் ஒன்றோடொன்று சேர மறுக்கும். நண்டின் கொடுக்குபோல விரிந்து நிற்கும். நீரைப் பிடிக்க முடியாது. கால்கள் தாழும், உடம்பு நிமிரும், கைவீச்சு குறுகும். உள்ளுடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன்பே, மிக நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நீந்த முடியாதவர் ஆகிவிடுகிறார்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒன்று உண்டு. சூடு இறங்க இறங்க மங்கிப்போவது நம் முடிவெடுக்கும் திறன்தான். ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று மனம் சொல்லும். அந்த மனத்தைத்தான் அப்போது நம்பக்கூடாது.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குளிர்காலத்தில், கரையில் நின்ற தன்னார்வலர் அம்மாள் கையை உயர்த்தி என்னை வெளியே வரச் சொன்னார். பார்த்தேன். புரிந்தது. ‘இன்னும் ஒரு சுற்றுதானே’ என்று திரும்பிவிட்டேன். அந்தச் சுற்றின் கடைசிப் பகுதி இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை. நினைவு திரும்பியபோது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ எனக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டிவிட்டிருந்தார்கள். என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அந்த அம்மாள் என் முன் மண்டியிட்டு, ஈரமான தரையில், என் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைகளும் நடுங்கின. அது குளிரால் வந்த நடுக்கம் அன்று. நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “அந்த ஒரு சுற்று யாருக்காக?”

என்னிடம் பதில் இல்லை.

பிடிவாதத்தை நாம் உறுதி என்று தவறாக எண்ணிவிடுகிறோம். எதிர்நீச்சல் என்ற சொல்லை நம் மொழி புகழ்ச்சியாகவே வைத்திருக்கிறது. ஆனால் குளிரை எதிர்த்து வென்றவர் யாருமில்லை. நீச்சல் வீரர் லூயிஸ் பியூ 2007-இல் வட துருவத்தில், உப்பு நீர் என்பதால் உறையாமல் இருந்த மைனஸ் 1.7 டிகிரி நீரில், ஒரு கிலோமீட்டரை 18 நிமிடம் 50 வினாடியில் நீந்தினார். உலகமே வியந்தது. தன் கைவிரல்களில் உணர்ச்சி திரும்ப நான்கு மாதம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். அத்தனை பயிற்சியும் துணைக்கு ஒரு குழுவும் இருந்தவருக்கே குளிர் அந்த விலையை வைத்தது.

இதை அறிந்தவர்கள் வகுத்த ஒழுங்கைப் பாருங்கள். லண்டன் ஹைட் பார்க்கின் செர்ப்பென்டைன் ஏரியில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையும் ஒரு பந்தயம் நடக்கிறது. அதை நடத்துவது 1864-இல் தோன்றிய நீச்சல் மன்றம். ‘பீட்டர் பேன்’ நாடகத்தை எழுதிய ஜே. எம். பேரி 1904-இல் வழங்கிய கோப்பைக்கான போட்டி. தூரம் 100 கெஜம், அவ்வளவுதான். அந்த 100 கெஜத்துக்கும் வெளியார் யாரையும் அவர்கள் இறக்குவதில்லை. குளிர் தொடங்கியது முதல் அங்கே நீந்திவந்த உறுப்பினர்களுக்கே இடம். கேப் டவுனில் ராம் பார்க்காய் 2009-இல் தொடங்கிய பன்னாட்டுப் பனிநீர் நீச்சல் சங்கம், 5 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஒரு மைல் நீந்த விரும்புகிறவரிடம் மருத்துவச் சான்றும் ஈசிஜியும் கேட்கிறது. இந்த விதிகளைத் தடையாகப் பார்க்காதீர்கள். உங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் அங்கே வந்து கேட்க முடியாததை உங்களுக்காக யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா இருந்தால் எழுதுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் எழுதுங்கள். எப்போதோ ஒருமுறை நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முதலில் மருத்துவரிடம் போங்கள். நீங்கள் எழுதுவதை நம்பித்தான் ஒருவர் உங்களுக்குக் காவல் இருக்கிறார். நீங்கள் மூழ்கினால் அதே குளிருக்குள் குதிக்கப்போகிறவர் அவர். பொய் எழுதுகிறவர் தம் உயிரோடு இன்னொருவர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

கரையேறியதும் ஆபத்து முடிந்தது என்று எண்ணாதீர்கள். வெளியே வந்தபின்னும் உள்ளுடம்பின் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். பெரிய நடுக்கம் பெரும்பாலும் பத்து நிமிடம் கழித்துத்தான் வரும். படம் எடுக்கவும் கதை பேசவும் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். ஈரத்துணியைக் களைந்து, துவட்டி, மேலுடம்புக்கு முதலில் உடுத்துங்கள். குல்லாய், கையுறை, காலுறை, அதன்பின் ஃபிளாஸ்கில் இருக்கும் இளஞ்சூடான இனிப்புத் தேநீர். உடனே சுடுநீர் ஷவருக்குள் போகாதீர்கள். தோலின் இரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து மயக்கம் வரலாம். மது வேண்டவே வேண்டாம். நடுக்கம் நின்று கை நிதானத்துக்கு வரும்வரை கார் ஓட்டாதீர்கள்.

அடுத்த தடத்தில் நீந்துகிறவர் உங்கள் போட்டியாளர் என்பது நீர் விளிம்புவரைதான். அவர் பேச்சு குழறினால், பெயர் கேட்டதற்குப் பதில் தாமதித்தால், ஒதுங்கிப் போய்த் தனியே உட்கார்ந்தால், உங்கள் பதக்கத்தை மறந்துவிட்டு அவரிடம் போங்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் நகராதீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேனாம்.

இனி, நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன்: எப்போது வெளியே வருவது? ‘டிகிரிக்கு ஒரு நிமிடம் நீரில் இருக்கலாம்’ என்று பொதுக்கணக்கு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். ஒல்லியான உடம்பு ஒருவிதம், பருத்த உடம்பு ஒருவிதம், தூங்காத இரவுக்குப் பின் அதே உடம்பு வேறுவிதம். உங்கள் பயிற்சி நாட்களில் விரல் எப்போது விரிந்தது, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்து உங்களுக்கான நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பந்தயத்தன்று கரையில் நிற்கப்போகும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உங்களைத் திட்டத் தயங்காதவராக இருக்கட்டும். அந்த நிமிடக் கணக்கை அவரிடம் ஒப்படையுங்கள். அவர் கை உயர்ந்தால், கோப்பை இரண்டு வீச்சுத் தூரத்தில் இருந்தாலும், எந்தக் கேள்வியும் இல்லாமல் வெளியே வருவேன் என்று வாக்குக் கொடுங்கள்.

அந்த அம்மாளின் கேள்விக்கு நான் தராத பதில் இந்த வாக்குதான். இதைப் பந்தயத்தன்று காலையில் தரலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றிரவே கரையில் நிற்கப்போகிறவரை அழைத்து அந்த நிமிடக் கணக்கைச் சொல்லுங்கள்.