அழிக்காமல் திருத்துவது

நெய்வேலி நகரியத்து நடராசர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்று உண்டு. மனக்குறையை ஒரு தாளில் எழுதி அதில் போட்டுவிட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டுப் போகிறார்கள் பக்தர்கள். மனு சுவாமி முன் சமர்ப்பிக்கப்படும். அதன்பின் தீயில் இடப்படும். எழுதியவர் நகல் கேட்பதில்லை. சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் அந்தத் தாளை எரிக்க விடுகிறது.

கணினியில் தரவுத்தளத்தைக் காப்பவர்களின் விதியும் இதுவே: சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த பிறகே அழிக்கலாம். இரவில் முழு பேக்கப் எடுத்தாயிற்று. மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஹார்டு டிஸ்க் செத்துப்போனால் அன்றைய வரவுசெலவு என்ன ஆகும்? அதற்காகத்தான் 'லாக்' எனும் பதிவேடு. எந்த மாற்றமும் டிஸ்கில் அட்டவணைக்குப் போகுமுன் லாகில் எழுதப்பட்டாக வேண்டும். அந்த லாகையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்து வந்தால், இரவு நகலை ஏற்றி, லாகுகளை வரிசையாக ஓட்டி, மூன்றே முக்கால் மணி நிலைக்காவது திரும்பிவிடலாம். இடையில் ஒரு லாக் தொலைந்தால் அதற்குப் பின்னுள்ளவை உதவாது. நகலெடுத்து முடிந்த பகுதியை மட்டுமே கழிக்கலாம். நகல் அதே கட்டடத்தில் இருந்தாலும் பயனில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய, நெய்வேலி உள்ள கடலூர் மாவட்டத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சரி, தவறாக எழுதிய வரியை என்ன செய்வது?

1992-இல் வெளியான 'ஏரீஸ்' என்ற மீட்பு முறை இதற்குத் தெளிவாக விடை சொன்னது. அதன் முதன்மை ஆசிரியர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த சி. மோகன். கணினி விழுந்து எழுந்ததும், பாதியில் நின்றுபோனவை உட்பட நடந்த எல்லாவற்றையும் அது முதலில் அப்படியே மீண்டும் நிகழ்த்துகிறது. பிறகுதான் முடியாதவற்றைத் திருப்புகிறது. அப்படித் திருப்பியதும் லாகில் புது வரியாக ஏறுகிறது. பழைய வரியின்மேல் யாரும் கோடு கிழிப்பதில்லை.

செய்த வினையை அழிக்க முடியுமா என்ற கேள்வியும் இங்கேதான் நிற்கிறது. நெய்வேலிக்கு மேற்கே, விருத்தாசலம் தாண்டினால் பெண்ணாடம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் என்பது மரபு. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. குருவின் தீட்சையால் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம் எரியும் என்கிறது. ஆனால் இந்த உடம்போடு வந்த பிராரத்தத்தை அனுபவித்தே தீர்க்க வேண்டும்; அருள் பெற்றவருக்கும் விலக்கில்லை. பரிகாரம் செய்துவிட்டால் கணக்கே அழிந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறைவன் ஏட்டை எரிப்பது அவன் அருள். மனிதருக்கு மனிதர் செய்த தீங்கில் அந்த உரிமை தீங்கு செய்தவருக்கு இல்லை. நடந்ததை ஒப்புக்கொண்டு, அதன் கீழே ஈடு செய்ததை எழுதுவதே திருந்துதல்.

நெய்வேலி என்ற சுரங்க ஊருக்கு இது வெறும் தத்துவம் அல்ல. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் சுரங்கத்துக்குப் போன வயல்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த பேக்கப்பும் கிடையாது. 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவி கிராமத்தில் அந்த நிறுவனத்துக்காகக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பயிர் திரும்பவில்லை, கீழே ஒரு வரி சேர்ந்தது. மேலே இருக்கும் வரியும் அப்படியே இருக்க வேண்டும்.

நிலம் கொடுத்த குடும்பத்தினரே, பட்டா, கையகப்படுத்திய அறிவிப்பு, இழப்பீடு பெற்ற தாள் ஆகியவற்றை நகலெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள். இவற்றை மட்டும் எந்தத் தீயிலும் இட வேண்டாம்.