கட்டளையிட்டவர் உறங்கும்போது

லினக்ஸ் நிர்வாகம் கற்க வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் கட்டளைகளிலேயே கழியும். கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது, அனுமதிகளை மாற்றுவது என்று எல்லாமே கண்ணெதிரே நடக்கும். பிறகு ஒருநாள் அதே கட்டளைகளை ஒரு கோப்பில் அடுக்கி ஸ்கிரிப்ட் ஆக்குவார்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிடம் அதை ஒப்படைப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடும், எழுதியவர் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் தொழில்நுட்பப் பாடம் மிகப் பழைய ஓர் அறக்கேள்வியைத் தொட்டுவிடுகிறது. தான் இல்லாத நேரத்தில், தான் நினைக்காத தீங்கு தன் கட்டளையால் நடந்தால், அது தன்னுடைய வினையா?

2015 ஜனவரியில் வெளிவந்த ஒரு புகாரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை லினக்ஸில் வைத்திருந்த ஒருவர் அதன் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார். அடுத்த முறை அதை இயக்கியபோது அவருடைய கோப்புகள் எல்லாம் அழிந்தன. பேக்கப்புக்காக இணைத்து வைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை. காரணம் ஷெல் ஸ்கிரிப்டில் இருந்த ஒரே வரி. மென்பொருள் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் வைத்து, அந்த மாறிக்குப் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்றது அந்த வரி. கோப்புறையைக் கண்டுபிடிக்க முடியாதபோது மாறி காலியாக நின்றது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டுமே. லினக்ஸில் அதற்குப் பொருள், அடியிலிருந்து நுனிவரை எல்லாம்.

அந்த வரிக்கு மேலேயே நிரலர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். பயமாக இருக்கிறது என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல்.

யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதில் ஐயமில்லை. அப்படியானால் அவரிடம் குற்றம் உண்டா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பௌத்தரும் சமணரும் வாதிட்டுவந்த கேள்வி இது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில், உடலால் செய்வதே மிகக் கொடியது என்று சமணத் தலைவர் நிகண்டநாதபுத்தரின் தரப்பும், மனத்தால் செய்வதே கொடியது என்று புத்தரும் எதிரெதிரே நிற்கிறார்கள். தம்மபத உரையில் வரும் சக்குபாலர் கதையும் புத்தரின் பக்கமே சாய்கிறது. பார்வையற்ற அந்த மூத்த துறவி மழைக்குப் பின் உலாவும்போது காலடியில் பூச்சிகள் இறக்கின்றன. கொல்லும் எண்ணம் இல்லாததால் அவரிடம் குற்றமில்லை என்கிறார் புத்தர்.

பௌத்த நூல் காட்டும் சித்திரத்தை மட்டும் வைத்துச் சமணரை எடைபோடுவது முறையாகாது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சையை வரையறுக்கிறது. கவனமற்ற செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்கிறது அது. எண்ணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை அது நிறுத்துகிறது: கவனம். சக்குபாலருக்குக் கண் தெரியவில்லை. ஸ்கிரிப்ட் எழுதியவருக்கோ ஆபத்து தெரிந்திருந்தது. தெரிந்தும் சோதனை வைக்காமல் கடந்துபோனார். கணினி நிர்வாகம் கற்கிறவர்களுக்கு இந்த வரையறையைவிடப் பொருத்தமான அறநூல் வாசகம் கிடைப்பது அரிது. வள்ளுவரும் பொச்சாவாமை என்று இதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதைப் பொருட்பாலில் அரசியலுக்குள் வைத்தார். கையில் ஆட்சி உள்ளவரின் மறதியைப் பற்றிய பேச்சு அது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அந்த ஆட்சி ரூட் பயனருக்கு உரியது. அவருடைய அடையாள எண் 0. மற்றவர்களைத் தடுத்து நிறுத்தும் கோப்பு அனுமதிகள் பெரும்பாலும் அவரைத் தடுப்பதில்லை.

தமிழில் கட்டளையிட்டவரின் பொறுப்பு என்ற கேள்வியை மிகக் கூர்மையாக வைத்த நூல் சிலப்பதிகாரம். பாண்டியன் காவலருக்கு இட்ட ஆணையை நிரல் எழுதுகிறவர் கண்ணால் படித்தால் திடுக்கிட வைக்கும். அது ஒரு நிபந்தனைக் கட்டளை: அரசியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள். நிபந்தனை நிறைவேறியதாகத் தோன்றியது, கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அது அரசியின் சிலம்புதானா என்று சரிபார்க்கும் சோதனை அந்த ஆணையில் இல்லை. கோவலனைப் பார்த்த காவலர்களுக்குத் தயக்கம் எழுந்ததையும் இளங்கோ சொல்கிறார். கோவலன்மேல் பழி சுமத்திய பொற்கொல்லன் பேசிப் பேசி அதைக் கரைக்கிறான். பிறகு அவர்களில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். வெட்டியவன் வேறு, தூண்டியவன் வேறு, மன்னன் அந்த இடத்திலேயே இல்லை. உண்மை தெரிந்ததும் மன்னன் பழியைக் காவலன்மேலோ கொல்லன்மேலோ போடவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிர் விடுகிறான். எண்ணம் நல்லதா என்ற விசாரணைக்கே அவன் போகவில்லை.

இத்தனை கடுமை ஒரு கணினி நிர்வாகிக்கு வேண்டுமா? வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறொரு வழியைக் காட்டுகிறது. இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரைச் சீராக்க முயன்ற பொறியாளர், அங்கே அழிக்க வேண்டிய கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் போய்விட்டது. வழக்கமான பேக்கப் வெகுநாளாக எடுக்கப்படவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது: மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டிருந்தது, தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. அதே பொறியாளர் வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நிறுவனம் மீட்புப் பணியை நேரலையாகவே ஒளிபரப்பியது. பிறகு காரணங்களை வரிசையாக எழுதி வெளியிட்டது. ஒரு மனிதரைத் தண்டிப்பதோடு நிறுத்தியிருந்தால், பேக்கப் செத்துக் கிடந்தது அடுத்த விபத்துவரை மறைந்தே இருந்திருக்கும். பொறுப்பை ஏற்பதும் பழியைச் சுமப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த அறிக்கை தெளிவாகக் காட்டியது.

கவனத்தை மனவுறுதியாக மட்டும் விட்டுவைக்காமல் கைப்பழக்கமாக்குவதில்தான் இந்தத் தொழிலின் அழகு இருக்கிறது. திகம்பர முனிவர்கள் உட்காருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைப்பதைப் போன்ற பழக்கங்கள் இவை. அழிக்கும் கட்டளைக்கு முன் ‘எக்கோ’ போட்டு, என்னென்ன அழியப்போகிறது என்று திரையில் பார்த்துக்கொள்வது. முதன்மைச் சர்வரின் திரையில் கட்டளை வரிக்குச் சிவப்பு நிறம் தருவது. பேஷ் ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -யூ’ என்று எழுதுவது. மதிப்பே தரப்படாத மாறி வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஸ்டீம் நிகழ்வில் அதுவும் போதாது. அங்கே மாறி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. காலியாக இருக்கிறதா என்று தனியே கேட்க வேண்டும். இந்த நுணுக்கத்தை ஒரு மாணவர் தாமாகவே யோசித்துப் பிடிக்கும் கணத்தில் அவர் கற்பது தொடரியலை மட்டுமல்ல.

தூரத்திலிருந்து வரும் வினைக்கு நல்ல முகமும் உண்டு. சோலை வளர்த்தவர், பாலம் கட்டியவர், கிணறு வெட்டியவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் பெருகுகிறது என்கிறது பௌத்தரின் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறு சூத்திரம். ஒழுங்காக எழுதிச் சோதித்த பேக்கப் ஸ்கிரிப்டும் எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் யாரோ ஒருவருடைய உழைப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த நன்மையை அவர் கணக்கில் வைப்போமென்றால் தீமையையும் வைத்தாக வேண்டும்.

மிச்சமிருப்பது வாளெடுத்த காவலனின் பங்கு. இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, அதே வரியில் ஷெல்லுக்குள் ரூட் அதிகாரத்தோடு ஊற்றச் சொல்லும் நிறுவல் குறிப்புகள் இன்று ஏராளம். கற்கிறவர்கள் அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். மூடிய மென்பொருளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்ற சமாதானம் செல்லும். இங்கே ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. படிக்காமல் இயக்குகிறவருக்கு அந்தச் சமாதானம் இல்லை. கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, அழிக்கும் வரிகளையும் அனுமதி கேட்கும் வரிகளையும் முதலில் தேடிப் படித்து, அதன்பின் இயக்குவதை லினக்ஸ் பயிற்சியின் முதல் மாதத்திலேயே ஒரு பாடமாக வைக்க வேண்டும்.