பழைய விலாசத்து ஓட்டு

2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது, நான் மாம்பலத்திலிருந்து வேளச்சேரிக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாக்காளர் பட்டியலில் மட்டும் பழைய வீட்டிலேயே இருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சோம்பல்தான். ஆட்டோ பிடித்துப் பழைய வார்டுக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் கும்பிடு போடுகிற ஒருத்தருக்கு பட்டனை அழுத்தினேன். விரல் மையோடு ஒரு காபி. கடமை முடிந்தது. அவரும் ஜெயித்தார்.

அடுத்த வருஷம் டிசம்பர் மழைக்கு அப்புறம் பழைய தெருக்காரர் ஒருவரைப் பார்த்தேன். வீட்டுக்குள் சாக்கடை வந்துவிட்டதாம். கவுன்சிலர் எட்டியே பார்க்கவில்லையாம். "நீங்க பாட்டுக்கு ஓட்டுப் போட்டுட்டு ஆட்டோ ஏறிட்டீங்க சார். சாக்கடை எங்களுக்குத்தானே!" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்பீர்கள். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் காம்ப்டன் என்று ஒரு நகரம். 2021 ஜூனில் அங்கே கவுன்சிலர் தேர்தல். பதவியில் இருந்தவருக்கு 855 ஓட்டு, எதிர்த்தவருக்கு 854. தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார். ஓட்டுப் போட்ட நாலு பேர் அந்த வார்டில் குடியே இல்லை என்று தெரிந்தது. 2022-ல் நீதிபதி அந்த நாலையும் கழித்தார். 851! தோற்றவர் ஜெயித்துவிட்டார். அங்கே மோசடி என்று கிரிமினல் வழக்கே போட்டார்கள், நான் செய்தது வெறும் சோம்பேறித்தனம் என்று வாதாடலாம். எண்ணுகிற மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நம் ஊரில் இப்படிக் கழிப்பது சுலபமில்லை. குஜராத்தின் ராஜ்யசபா தேர்தல் வழக்கொன்றில் 1973-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், 'ஆசாமி நிஜமாகவே அங்கே குடியிருந்தாரா' என்று தேர்தல் வழக்கில் கிளற முடியாது. ஆட்சேபணை இருந்தால் பட்டியல் தயாராகும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

யோசித்தால் நியாயம்தான். இல்லாவிட்டால் தோற்றவர்களெல்லாம் தெருத் தெருவாகப் போய் வாடகை ரசீது கேட்பார்கள். மாட்டுவது யார்? சொந்த வீட்டுக்காரரா? பதினொரு மாச அக்ரிமென்ட்டில் வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்தான். 2025 டிசம்பரில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. பெரும்பகுதி, இடம் மாறியவர்கள் என்று கணக்கு. அதில் என்னைப் போன்ற சோம்பேறிகளும் இருப்பார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராக அலைகிறவர்களும் இருப்பார்கள். இருவரையும் ஒரே பேனாவால் அடிப்பது சரியா?

ஆக, சட்டம் காரணத்தோடுதான் கண்டும் காணாமல் இருக்கிறது. அதற்காக நான் செய்தது சரியாகிவிடுமா? பார்லிமென்ட் தேர்தல் என்றால் பரவாயில்லை, மாம்பலம், வேளச்சேரி இரண்டும் தென்சென்னைதான். கவுன்சிலர் ஓட்டு அப்படியில்லை. அது குப்பைக்கும் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் போடுகிற ஓட்டு. யார் மூக்கில் நாற்றம் ஏறுமோ அவர் போட வேண்டியது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளையை முடிவு பண்ணிவிட்டு நான் ஊரைக் காலி செய்த கதைதான் இது. வாழப்போவது அவள் அல்லவா?

கோர்ட் கேட்காத கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டியல் என்னை அனுமதித்தது. அதற்கு நான் வீடு மாறியது தெரியாது. எனக்குத் தெரியும்.

இதில் எனக்கும் நஷ்டம்தான். வேளச்சேரியில் மழைத் தண்ணீர் என் வாசலுக்கே வந்தபோது, அந்த வார்டு கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பங்கே இல்லை. யாரை உரிமையோடு திட்டுவது?

அன்று ராத்திரியே படிவம் 8-ஐ நிரப்பி அனுப்பினேன். பெரிய வேலையில்லை. இதற்கா இத்தனை வருஷம் என்று வெட்கமாக இருந்தது. பழைய தெருக்காரருக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "ஆனா இங்க சாக்கடை இன்னும் வடியலை."