வண்டி பழசல்ல, உன் சாக்குத்தான் பழசு!

எஞ்சின் ஏறி ஏறி இறங்குகிறது. சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் நின்றால் ஆஃப் ஆகிறது.

உடனே என்ன சொல்கிறாய்? "பழைய மாருதி 800-ங்க, அப்படித்தான் இருக்கும். வித்துரலாம்!"

பானெட்டைத் திறந்து பார்த்தாயா? இல்லை! பார்க்காமலேயே தீர்ப்பா?

1983-ல் வந்து, 2014-ல் தயாரிப்பு நின்ற வண்டிதான். அதனால் என்ன?

நீ நிற்பது எந்த மண்? வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு பாடி கட்டி அனுப்பும் நாமக்கல் மண்! ஊர் ஊராகப் போய் போர் போடும் ரிக் வண்டிகளின் திருச்செங்கோட்டு மண்! இங்கே யார் ஸ்பேனரோடு பிறந்தார்கள்? எல்லாரும் கையில் கிரீஸ் பட்டுக் கற்றவர்கள்தான்!

கோளாறு என்ன? ஏர் லீக்! ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று போதும். கார்புரேட்டருக்குத் தெரியாமல் கூடுதல் காற்று புகுந்தால் எஞ்சின் தடுமாறாதா?

நீ என்ன செய்தாய்? ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டி வைத்தாய். அது வைத்தியமா? குறையை மூடி வைக்கும் வேலை!

தேடு! ஐட்லிங்கில் ஓடவிடு. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் காதைக் கொடு. "ஸ்ஸ்ஸ்" என்று எங்கே இழுக்கிறது?

கேட்கவில்லையா? விட்டுவிடாதே! மேனிஃபோல்டு இணைப்பிலும் கார்புரேட்டர் அடி பேக்கிங்கிலும் தண்ணீரைக் கொஞ்சமாக ஸ்ப்ரே செய். ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் நனையக் கூடாது. சூடான எஞ்சின் மேல் பெட்ரோலை அடித்துப் பார்க்கவே பார்க்காதே! தண்ணீர் பட்டதும் சத்தம் மாறினால் லீக் அங்கேதான்.

எஞ்சினை நிறுத்தி, ஆறியதும் வேக்யூம் ஹோஸ்களைப் பார். கிளாம்பைத் தளர்த்து. நுனியை வளை. மேலே பளபளவென்று இருந்த ரப்பர், கிளாம்புக்கு அடியில் கீறல் கீறலாக வாய் பிளந்து நிற்கும்! அத்தனை நாள் உன்னை மிரட்டியது இந்த விரல் நீள ரப்பர்தான்!

அதே அளவில் புது ஹோஸ் போடு. பேக்கிங் போயிருந்தால் பழையதைச் சுத்தமாகச் சுரண்டிப் புதியதை வை. நட்டுகளை ஒரே சீராக முடுக்கு.

இன்னும் ஏறி இறங்குகிறதா? தோற்றுவிட்டாயா? இல்லை! ஓர் இடம் கழிந்தது. அடுத்ததைத் தேடு!

பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியா? அங்கேயும் லீக் இருக்கலாம். எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை மிதி. மிதித்தபடியே ஸ்டார்ட் செய். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? தொப்பூர் கணவாய் இறக்கத்துப் பக்கமே போகாதே! பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டு. கேட்டுக் கற்பதில் என்ன வெட்கம்?

வாழ்க்கையிலும் இதைத்தானே செய்கிறாய்? எங்கே ஓட்டை என்று தேடாமல், "எனக்கு ராசியில்லை" என்கிறாய்!

ராசி என்ன செய்யும்? தேடாதவனுக்கு ஷோரூம் வண்டியும் ஒருநாள் பாரம்தான். எழுந்திரு! சாக்கை வீசு! ஸ்க்ரூ டிரைவரை எடு!